ஹெல்வியின் நாற்பத்தேழு சதவீதம்

அடித்தளத்திலிருந்து அலாரம் அலறியது.

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆர்லிஸின் மேஜை மேல் இருந்த காப்பியில் வளையம் வளையமாக அலை எழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தணிக்கை அதிகாரி கார்மோடி அப்போதுதான் ஃபைலைத் திறந்து, முதல் கேள்விக்காகத் தொண்டையைச் செருமியிருந்தார். செருமல் பாதியில் நின்றது.

"தீயா?"

"இல்ல, ஐஸ்!" என்று சொல்லிக்கொண்டே ஆர்லிஸ் ஓடினாள்.

கார்மோடியும் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் ஓடினார். அவர் விசாரிக்க வந்த ஆளே அந்த அடித்தளத்தில்தான் இருந்தார். விட்டால் ஆள் நழுவிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கீழே குளிர் அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. கதவின் மேலிருந்த சிவப்பு எண் ஃபாரன்ஹீட்டில் இருபத்தொன்றைக் காட்டியது. பூஜ்யத்தில் நிற்க வேண்டிய எண் அது. முப்பத்திரண்டைத் தொட்டால் ஐஸ் தண்ணீராகிவிடும். வெளியே ஜூலை வெயில் தொண்ணூற்றொரு டிகிரி. உள்ளிருந்து புகைபோல வந்த குளிர்காற்றுக்கு நடுவே, ஆரஞ்சு நிறப் பனி உடுப்பும் கம்பளித் தொப்பியும் போட்ட ஒரு குள்ளமான உருவம் உறைந்த ஏரியிலிருந்து வெட்டி வந்த ஐஸைப் பெட்டி பெட்டியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பேராசிரியர் ஹெல்வி ஓயலா. வயது அறுபத்தொன்று.

"லைல்! கம்ப்ரசர் போச்சா, இல்ல சும்மா மக்கர் பண்ணுதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்," என்றார் கட்டட மெக்கானிக் லைல். தரையில் மல்லாந்து படுத்து இயந்திரத்துக்கு அடியில் தலையை விட்டிருந்தார். "ரெண்டு மணி நேரம் குடு. அதுவரைக்கும் கதவைத் திறந்து திறந்து மூடாதே, புண்ணியமாப் போகும்."

"ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள பதினோரு குளிர்காலம் கரைஞ்சிடும்டா!"

அப்போதுதான் ஹெல்வி வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். ஆர்லிஸ் யாரென்று தெரியும். கழுத்துப்பட்டை கட்டிய அந்தப் புது ஆளைத் தெரியாது. அதனால் என்ன?

"முதுகு வலி இருக்கா உங்களுக்கு?"

"இல்ல... மேடம், நான் தணிக்கைப் பிரிவுலேர்ந்து—"

"நல்லதாப் போச்சு. ஃபைலைக் கீழ வெச்சிட்டு இந்தப் பெட்டியைப் பிடிங்க. சாய்ச்சிடாதீங்க, அதுக்குள்ள 2014 பிப்ரவரி இருக்கு."

கார்மோடி பிடித்தார். பிடிக்காமல் என்ன செய்வார்? பெட்டி அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டது.

மாணவர் உணவுக்கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கோடையில் அது பூட்டியே கிடக்கும். ஆனால் அதன் ஐஸ்கிரீம் அறை மட்டும் வருடம் முழுக்க ஓடும். சாவி லைலின் இடுப்பில். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, மேலே பழைய கம்பளிகளைப் போர்த்தி, சுப்பீரியர் ஏரிக் காற்றுகூட அனலாக வீசிய அந்த மத்தியானத்தில் முற்றத்தைக் கடக்க வேண்டும். மொத்தம் அறுபத்துநான்கு பெட்டிகள்.

ஆர்லிஸ் வண்டியின் ஒரு பக்கம், கார்மோடி மறுபக்கம். ஹெல்வி உள்ளேயே நின்று எது முதலில் போக வேண்டும் என்று பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நடையில் கார்மோடி தன் வேலையை மறுபடி தொடங்கினார். மனிதர் மூச்சு வாங்கினாலும் கேள்வியை விடுகிற ரகம் இல்லை.

"இந்தக் கட்டடத்துல பத்தொன்பது பேராசிரியர்கள். போன ஜூலைக்கு பதினெட்டு பேர் நூறுன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் மட்டும் நாப்பத்தேழு."

"கல்லு இருக்கு, பார்த்துத் தள்ளுங்க," என்றாள் ஆர்லிஸ்.

இந்த நூறும் நாற்பத்தேழும்தான் ஆர்லிஸின் பிழைப்பு. பல்கலைக்கழகம் பேராசிரியர்களுக்குச் சம்பளம் தருவது வருடத்தில் ஒன்பது மாதத்துக்குத்தான். மே மாத நடுவில் கையைக் கழுவிவிடும். மிச்ச மூன்று மாதமும் அவரவர் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கொடுத்த நிதியிலிருந்துதான் சம்பளம் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கலாம், ஆனால் சும்மா எடுக்க முடியாது. அந்த மாதம் உழைத்த உழைப்பில் எத்தனை சதவீதம் அந்த ஆராய்ச்சிக்குப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூறு என்று எழுதினால் முழு மாதச் சம்பளம். நாற்பத்தேழு என்றால் அந்த அளவுக்குத்தான். விடுமுறை போன நாளை எழுதக்கூடாது. அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதிய நேரத்தைச் சேர்க்கக்கூடாது. குளிர்காலத்தில் உழைத்துவிட்டு அதற்குக் கோடையில் கூலி கேட்கக்கூடாது. பதினெட்டுப் பேரும் இதையெல்லாம் படித்துத் தலையாட்டிவிட்டு நூறு என்று எழுதுவார்கள். ஒருவர் ஃபுளோரிடாவில் படகில் மீன் பிடித்தபடியே எழுதி அனுப்பினார். பின்னணியில் கடற்பறவை கத்தும் சத்தத்தோடு போனில் ஆர்லிஸிடம், "மீனைப் பத்தி யோசிக்கறதும் ஆராய்ச்சிதானே?" என்று வேறு கேட்டார். அவர் துறை மண்ணியல்.

"குறைச்சு எழுதினா என்ன தப்பு?" என்றாள் ஆர்லிஸ். "அரசாங்கத்துக்கு லாபம்தானே?"

"அதுலதான் சந்தேகமே. நூறு எழுதினா முழுச் சம்பளம். எழுதினா யாரும் கேக்கப் போறதும் இல்ல. அதை ஒருத்தர் வேண்டாம்னு விடறார்னா என்ன அர்த்தம்? மிச்ச அம்பத்துமூணுக்கு வேற எங்கயோ வரும்படி இருக்குன்னு அர்த்தம். வெளியில வேலை பார்த்தா அறிவிக்கணும். இவங்க ஃபைல்ல அந்த அறிவிப்பே இல்ல."

"உங்களுக்கு இதை யார் சொன்னாங்க?"

"எண்ணே சொல்லுதே. அது மட்டும் இல்ல, பேர் போடாத ஒரு கடிதம் வந்திருக்கு. கூடவே ஒரு போட்டோ."

உணவுக்கூடத்தின் நிழலில் வண்டியை நிறுத்தி, போனை எடுத்துக் காட்டினார். கட்டடத்தின் பின்புறச் சரக்கு மேடை. பட்டப்பகல். மடக்கு நாற்காலியில் ஹெல்வி. கால் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள். முகம் சூரியனைப் பார்க்க, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, உலகத்தின் கவலையெல்லாம் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு சுகம். கீழே ஒரு வரி: 'வரிப்பணத்தில் வெயில் காய்கிறார்.'



ஆறு கோடைகளாக ஹெல்வியின் படிவங்கள் அவள் மேஜை வழியாகத்தான் போயிருந்தன. ஐம்பத்திரண்டு, நாற்பத்துநான்கு, நாற்பத்தொன்பது என்று ஒவ்வொன்றிலும் ஒரு விநோத எண். முதல் வருடம் மட்டும் கேட்டாள். "அவ்வளவுதான் வேலை செஞ்சேன்," என்று பதில் வந்தது. அதற்குமேல் கேட்கவில்லை. ஜனவரி சனிக்கிழமைகளில், கண் திறக்க முடியாத பனிக்காற்றில், சறுக்கு வண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு உறைந்த ஏரிமேல் தனியாக நடந்து போகும் பெண்மணி அவர். அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஒரு நாளும் ஒரு படிவமும் நீட்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் 'மிச்ச நேரம் எங்கே போனீர்கள்' என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பதில் வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள என் அறிக்கை போகணும்," என்றார் கார்மோடி. "வெளிவேலையை மறைச்சிருக்காங்கன்னு எழுதினா திங்கட்கிழமையே நிதி நிக்கும்."

"நிதி நின்னா அந்தக் குளிர் அறைக்கு யார் கரன்ட் கட்டறது?"

"அது என் கேள்வி இல்லையே, ஆர்லிஸ்."

அவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அதுதான் ஆர்லிஸை இன்னும் பயமுறுத்தியது. இப்போது கம்ப்ரசர் நின்றதற்கே இந்தப் பாடு. கம்ப்ரசரை லைல் சரிசெய்துவிடுவார். கரன்ட்டையே நிறுத்தினால்? இந்த அறுபத்துநான்கு பெட்டியும் ஒரு வாரத்தில் வடிகாலில் போகும். அதற்குள் இருக்கும் காற்றுக்குமிழிகளில் ஒரு ஏரி பதினோரு வருடம் விட்ட மூச்சு இருந்தது. போன வருட ஐஸை யாராலும் மறுபடி உறைய வைக்க முடியாது.

"உடைச்சே கேட்டுடறேன்," என்றார் கார்மோடி. "ஊருக்கு வெளிய அவங்க அண்ணன் தூண்டில் கடை வெச்சிருக்காராமே? இவங்க அங்கதான் நிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

ஆர்லிஸ் வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். அந்தக் கடையில் ஹெல்வியை அவளே பார்த்திருக்கிறாள்.

கடைசி வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால். கார்மோடியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் விரல்கள் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. மனிதர் கையுறை இல்லாமலே முப்பது பெட்டிகள் தூக்கியிருந்தார்.

"கையைக் காட்டுங்க," என்றார் ஹெல்வி. "ஐயோ, அறிவு இருக்கா? கையுறை எதுக்குத் தொங்குது அங்க?"

"நீங்க கேக்கவே விடலையே!"

"சரி, அதுவும் உண்மைதான். வாங்க பின்னாடி."

சரக்கு மேடையில் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்தார். குழாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு வாளிகளில் பிடித்தார். ஒன்றில் கார்மோடியின் கைகளை முழங்கைவரை அமுக்கினார். தன் பூட்ஸையும் மூன்று அடுக்குக் காலுறைகளையும் உருவிவிட்டு, நீலம் பாரித்த கால்களை மற்ற வாளியில் விட்டார். சமையலறைக் கடிகாரம் ஒன்றை இருபது நிமிடத்துக்குத் திருப்பி வைத்தார். பிறகு முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கார்மோடிக்கு முதலில் வலித்தது. பிறகு விரல் நுனியில் உயிர் திரும்பும்போது ஒரு குறுகுறுப்பு. அவரும் தன்னையறியாமல் தலையைப் பின்னால் சாய்த்தார். கண் சொருகியது. வாய் லேசாகத் திறந்தது.

லைல் ஏதோ உதிரிப்பாகம் எடுக்க அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார். "ஜோடியா நல்லா இருக்கீங்க. ஒரு போட்டோ எடுக்கட்டுமா?"

கார்மோடி தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். வாளித் தண்ணீர் சிதறியது.

அவர் நாற்காலியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பின்புறச் சுவரைப் பார்த்தார். எல்லாம் போட்டோவில் இருந்த அதே இடம், அதே கோணம். ஆர்லிஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஹெல்வி.

"ஒண்ணும் இல்ல," என்றார் கார்மோடி. "தினமும் இப்படி உக்காருவீங்களா?"

"உள்ள நாப்பது நிமிஷம், வெளிய இருபது நிமிஷம். இல்லேன்னா கால் விரல் கழண்டு கையில வந்துடும்."

சொல்லிக்கொண்டே உடுப்பின் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"அது என்ன கோடு?"

"இந்த இருபது நிமிஷம். சாயங்காலம் கழிக்கறதுக்கு."

"எதுலேர்ந்து?"

"வேலையிலேர்ந்துதான். வெந்நியில காலை விட்டுக்கிட்டு வெயில் காயறதுக்கு மக்கள் எனக்குச் சம்பளம் குடுக்கணுமா என்ன?"

கார்மோடி ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே அடித்தளத்துக்கு இறங்கினார். ஆர்லிஸ் பின்னாலேயே போனாள். குளிர் அறைக் கதவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பாதுகாப்புப் பிரிவின் மஞ்சள் அறிவிப்பு இருந்தது. தினமும் அதைத் தாண்டிப் போகிற எவரும் அதைப் படித்ததில்லை. கார்மோடி விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நாற்பது நிமிடத்துக்கு மேல் எவரும் உள்ளே இருக்கக்கூடாது. வெளியே வந்து இருபது நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்வது கட்டாயம்.

"ஆர்லிஸ், இதைப் பார்த்தீங்களா? கட்டாயம்னு போட்டிருக்கு. பல்கலைக்கழகம் போட்ட விதி. விதிப்படி உக்காந்தா அது ஓய்வு இல்ல, அதுவும் வேலைதான்."

"நிஜமாவா?"

"எங்க ஆள் ஒருத்தர் தீயணைப்பு உடுப்பு மாட்டற நேரத்தை வேலை இல்லைன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டார். எனக்குத் தெரியாதா?" அவர் மனக்கணக்குப் போட்டார். "நாப்பத்தேழோட பாதியைச் சேர்த்தா கிட்டத்தட்ட எழுபது. அடக் கடவுளே. இந்தம்மா ஆறு வருஷமா சொந்தக் கால் விறைச்ச நேரத்தைக் கழிச்சிட்டு வந்திருக்காங்க."

ஆர்லிஸுக்கு மூச்சு திரும்பியது. ஆனால் முழுசாகத் திரும்பும் முன்பே கார்மோடி அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"இன்னும் முப்பது பாக்கி இருக்கு."

மேலே வந்து ஹெல்வியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கடிதம், போட்டோ, சந்தேகம், ஐந்து மணி எல்லாம். ஹெல்வி போனை வாங்கிப் போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"இதுல நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தப் போட்டோ எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"ஹெல்வி, விளையாடாதீங்க," என்றாள் ஆர்லிஸ். "நிதியை நிறுத்திடுவாங்க. ஐஸ் போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தையில் ஹெல்வியின் முகம் மாறியது. காலை வாளியிலிருந்து எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். "கேளுங்க. என்ன கேக்கணும்?"

"உங்க அண்ணன் கடையில நீங்க வேலை செய்யறீங்களா?" என்றார் கார்மோடி.

"ஞாயித்துக்கிழமை. புழு விப்பேன்."

"சம்பளம்?"

"மத்தியானச் சாப்பாடு. அவன் பொண்டாட்டி சுட்ட பேஸ்டி ஒண்ணு, கறி அடைச்ச ரொட்டி. அதுலயும் உருளைக்கிழங்குதான், கறியைத் தேடணும். ஞாயித்துக்கிழமை புழு விக்கறதும் குத்தமா?"

"இல்ல. ஞாயிறு உங்களோடது. திங்கள் டு வெள்ளி?"

"இங்கதான். காலையில ஏழு மணிக்கு வருவேன், ஆறு மணிக்குப் போவேன்."

"பதினோரு மணி நேரம்! சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சாக்கூட அது முழு நாள். அப்ப மிச்ச முப்பது சதவீதம் எங்க போச்சு?"

 ஹெல்வி காலுறையை ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்றாவது காலுறையைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். ஆர்லிஸ் அவரை இப்படித் தடுமாறிப் பார்த்ததே இல்லை.

"நோட்டைக் குடுங்க," என்றார் கார்மோடி மெதுவாக.

ஹெல்வி தயங்கிக் கொடுத்தார். கார்மோடி போன ஜூலைக்குப் புரட்டினார்; ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். கோடுகள் இருந்தன. நான்கு நாட்கள் முழுக்க அடித்துவிட்டு, ஓரத்தில் 'புது விண்ணப்பம் எழுதினேன்' என்று இருந்தது. இன்னொரு நாளில் 'பல்வலி, டாக்டர், ஒன்றரை மணி.' கார்மோடி அதையெல்லாம் தலையசைத்துக்கொண்டே தாண்டினார். ஆனால் எல்லாப் பக்கத்திலும் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்களும் இருந்தன. சில நாளில் இரண்டு, சில நாளில் நான்கு. ஜூலை பதினெட்டில் ஏழு.

"இந்த வட்டம் என்ன?"

"அது சொந்த நேரம்."

"இங்கயேவா?"

"ம்."

"அந்தக் குளிர் அறைக்குள்ளயேவா?"

"ம்."

"ஹெல்வி," என்றாள் ஆர்லிஸ், "எதா இருந்தாலும் சொல்லிடுங்க. வேற கம்பெனிக்கு ஐஸ் வெட்டிக் குடுத்தீங்களா? யாருக்காவது சாம்பிள் டெஸ்ட் பண்ணிக் குடுத்தீங்களா?"

"சீ! என் ஐஸை இன்னொருத்தனுக்குக் குடுப்பேனா?"

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து லைலின் குரல் வந்தது. "ஓடுதுடீ! ஹெல்வி, உன் குளிர் திரும்பி வருது! பூஜ்யத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னாடி உள்ள போகாதே!"

ஹெல்வி அந்தக் கடைசிப் பாதியைக் காதில் வாங்காமலே படி இறங்கினார். உணவுக்கூடத்துக்குப் போகாமல் ஒரே ஒரு பெட்டி கீழேயே தங்கியிருந்தது, அவர் பாதி வெட்டி வைத்திருந்த வேலை. அது உருகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் அவரால் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. மற்ற இருவரும் பின்னால் போனார்கள். இந்தத் தடவை கார்மோடி கையுறை மாட்டிக்கொண்டார்.

உள்ளே குளிர் மெதுவாக இறுகிக்கொண்டிருந்தது. ஹெல்வி பெட்டியைத் திறந்தார். கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் ஒட்டியிருந்த ஐஸ் துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வெட்டி வெட்டி, சீவிச் சீவி, ஒரு தாளின் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கசிந்திருந்தது.

"பிழைச்சுக்கிச்சு," என்றார். அவர் மூச்சு வெள்ளையாக வந்தது.

கார்மோடி எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே. வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு."

ஹெல்வி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு அந்தத் தகட்டை மேஜை விளக்கின் மேல் வைத்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்புக் கண்ணாடிகளைச் சொருகினார். மேல் கண்ணாடியை மெல்லத் திருப்பினார்.

ஐஸ் தீப்பிடித்த மாதிரி ஆனது. ஊதா, ஆரஞ்சு, மயில் பச்சை, செம்பருத்திச் சிவப்பு. ஒவ்வொரு பனிப் படிகமும் தனித்தனி நிறத்தில் எழுந்து நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். எல்லா நிறமும் இடம் மாறின. ஊதா பொன்னானது, பொன் நீலமானது. நடுவில் சின்னஞ்சிறு குமிழிகள் வரிசையாக, கீழேயிருந்து மேலே ஏறும்போதே உறைந்து போனவை.

"பிப்ரவரி பதினொண்ணு, ராத்திரி காத்து திசை மாறியிருக்கு, இங்க பாருங்க, இந்த வரியில," என்றார் ஹெல்வி. குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்கு மேல மூணு நாள் பனி கொட்டியிருக்கு. இதோ இங்க ஏரி ஒரு தடவை விரிசல் விட்டு மறுபடி ஒட்டியிருக்கு. எல்லாம் எழுதி வெச்சிருக்கு. நாம படிக்கணும், அவ்வளவுதான்."

கார்மோடி குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் மூக்கு நுனி சிவந்து சொட்டியது. அதைத் துடைக்கவும் மறந்திருந்தார். ஆறு வருடமாக இந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஆர்லிஸும் இதைப் பார்த்ததில்லை. ஹெல்வி யாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறவர் இல்லை.

"இந்த வரியெல்லாம் உங்க கட்டுரையில வருதா?" என்று கேட்டார் கார்மோடி, கண்ணை எடுக்காமல்.

"இதான் கட்டுரையே. இதைப் படிக்காம வேற என்ன எழுதறது?"

"ஒரு துண்டை எவ்வளவு நேரம் பார்ப்பீங்க?"

"சில சமயம் பத்து நிமிஷம். சில துண்டு விடாது."

கார்மோடி நிமிர்ந்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஜூலை பதினெட்டைத் திறந்து, ஏழு வட்டங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அவர் முகத்தில் தணிக்கை அதிகாரி போய், சாதாரண மனிதர் ஒருவர் வந்திருந்தார். மணி மூன்றே முக்கால் ஆகியிருந்ததை ஆர்லிஸ் மட்டும் கவனித்தாள்.

"ஹெல்வி, இந்த வட்டமெல்லாம்... இதுதானா? இதையா சொந்த நேரம்னு கழிச்சீங்க?"

ஹெல்வி விளக்கின் மேல் குனிந்தார்.

"இது உங்க ஆராய்ச்சியோட உயிர் இல்லையா? இதுக்குத்தானே அந்த நிதியே? இதைப் போய் ஏன் கழிச்சீங்க?"

அறுபத்தொரு வயதுப் பேராசிரியர் திருட்டுத்தனம் செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பெண் மாதிரி முகம் சிவந்து, கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சே, ஆடிட்டர் சார். சந்தோஷமா இருந்த நேரத்தை எப்படி வேலைன்னு எழுதி கையெழுத்துப் போடறது?"